பழைய சாமான்களில் ஒரு றலி சைக்கிள்: எது எதோடு சேரும்?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மப்பாவின் றலி சைக்கிளில் பிரேமும் முன் ஃபோர்க்கும் செயின் வீலும் மட்டும் வீட்டுக் கோடிப்புறத்தில் கிடந்தனவாம். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் மீதிச் சாமான்களைத் தேடியெடுத்து, அந்தக் காலத்து மாதிரியே ஒரு சைக்கிள் கட்ட முடியுமா, எவ்வளவு முடியும் என்பது கேள்வி. கட்டலாமா என்றால் கட்டலாம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: பத்துச் சைக்கிளிலிருந்து பொறுக்கிய சாமான்கள் ஒன்றோடொன்று சேருமா, சேராதவற்றை வாங்கும் முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் இந்தப் பதில்.

எனக்குத் தெரிந்தது கடையில் கற்றது. அப்பாவின் சைக்கிள் கடையில் பள்ளிக்கூடம் விட்டு வந்து டியூப்புக்கு ஒட்டுப் போடுவதில் தொடங்கி, இப்போது அதே கடையை நான் நடத்துகிறேன். இவ்வளவு காலத்தில் நான் பார்த்த அரைகுறைச் சைக்கிள்களில் பெரும்பாலானவை ஒரே காரணத்தால்தான் நின்றுபோயின. வைத்திருந்தவர் அழகான சாமான்களைத் தனித்தனியாக வாங்கிச் சேர்த்திருப்பார், எதுவும் எதிலும் ஏறாது. அதனால் ஒரே ஒரு புத்தி சொல்கிறேன்: ஒன்றோடொன்று பொருந்தி ஓடிய சாமான்களைப் பிரிக்காமல் வாங்குங்கள். சில்லு வாங்கினால் ரிம், கம்பி, ஹப், அச்சு, நட் வரை முழுதாக. பெடல் பக்கம் என்றால் அச்சு, இரண்டு கப் (அச்சு சுழல இரு பக்கமும் திருகும் இரும்புக் கிண்ணம்), லொக் வளையம் எல்லாம் ஒரே சைக்கிளிலிருந்து. ஹேண்டிலுக்கு ரொட் பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்பு ரொட்டால் இழுக்கும் பிரேக்) இருந்தால் ரொட்டுகளோடும் கிளிப்புகளோடும். கடைக்காரர் கழற்றிக் குவித்து வைத்ததை விட, இன்னும் கழற்றாத ஓட்டைச் சைக்கிள் ஒன்றை முழுதாக வாங்குவது எப்போதும் லாபம். பிரேம் வளைந்திருந்தாலும் பரவாயில்லை, உங்களிடம்தான் பிரேம் இருக்கிறதே.

முதலில் அந்தப் பிரேமைப் பாருங்கள். அது தேறாவிட்டால் மற்றச் செலவெல்லாம் வீண். முன்தலைக் குழாய்க்குப் பின்னால், மேல் பாரும் கீழ்க் குழாயும் வந்து சேரும் இடத்தில், குழாயின் அடிப்பக்கம் விரலை ஓட்டுங்கள். அங்கே சிறு புடைப்போ, பெயின்ட் குறுக்காக வெடித்த கோடோ இருந்தால் அந்தச் சைக்கிள் ஒருமுறை முன்னால் மோதியிருக்கிறது. அடுத்து ஒரு நூல். பின் அச்சு வைக்கும் இடத்தில் ஒரு பக்கம் கட்டி, முன்தலைக் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மற்றப் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். நூலுக்கும் சீற் குழாய்க்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீற்றர் வித்தியாசத்தை நிமிர்த்தலாம், அதற்கு மேல் என்றால் யோசிக்க வேண்டும். ஃபோர்க் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை: வளைந்து நிமிர்த்தியது, துரு தின்றது, வெல்டிங் பிடித்தது எதுவும் வேண்டாம். பிரேம் எங்கே உடைந்தாலும் பெரும்பாலும் கொஞ்சம் அவகாசம் தரும், ஃபோர்க் உடைந்தால் முகம்தான் முதலில் தரைக்குப் போகும்.

துருவில் இரண்டு வகை. வெளித்துருவுக்குப் பயப்பட வேண்டாம், அது பார்வைக்குத்தான் கேடு. குழாய்க்குள் இருந்து வருவதுதான் ஆபத்து. நம் கரையில் அதற்கு இரண்டு தனிக் காரணங்கள் உண்டு. ஒன்று, 2004 டிசம்பர் 26 கடல் அள்ளிய சைக்கிள்கள். உப்புத் தண்ணீரும் மணலும் உள்ளே போய், கழுவாமல் காய்ந்தவை இன்னும் இரும்புக் குவியல்களில் வரும். மற்றது மீன் வியாபாரிகளின் சைக்கிள். பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் நாள் முழுக்கப் பின் சில்லிலும் அதன் இரண்டு பக்கத்துக் குழாய்களிலும் ஒழுகியிருக்கும். முன்பாதி பளபளவென்று இருக்கும், பின்பாதியை ஆணியால் குத்தினால் உள்ளே போகும். அப்படிப்பட்ட சைக்கிளில் முன்சில்லையும் ஹேண்டிலையும் தயங்காமல் எடுக்கலாம், பின்பக்கத்தைத் தொடாதீர்கள். படுவான்கரைப் பக்கம் வயல்காரர் வீடுகளில் கிடப்பவை பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். ஆனால் நெல்மூட்டையும் விறகும் ஏற்றிய வண்டி என்றால் பின் அச்சையும் கரியரையும் நன்றாகப் பாருங்கள். உங்கள் பிரேமில் பெடல் அச்சை (செயின் வீலோடு சுற்றும் நடு அச்சு) கழற்றிவிட்டு அந்தக் குழிக்குள் டோர்ச் அடித்தால் கீழ்க் குழாய், சீற் குழாய் இரண்டின் நுனியும் தெரியும். மேல் பாரின் உள்ளே மட்டும் அப்படிப் பார்க்க முடியாது, தட்டிக் கேட்பதும் நிச்சயமான சோதனை இல்லை. மேல் பாருக்கு எந்த மெக்கானிக்காலும் உத்தரவாதம் தர முடியாது.

அது உண்மையில் றலிதானா? தம்பி அனுப்பிய படத்தில் செயின் வீலில் கொக்கு உருவம் வெட்டியிருக்கிறது. கொக்கு றலியின் அடையாளம், அந்த அளவில் சரி. ஹம்பர் என்றால் சின்ன மனித உருவங்கள், ரட்ஜ் என்றால் கை, பிஎஸ்ஏ என்றால் அந்த மூன்று எழுத்துகள். ஆனால் செயின் வீல் கழற்றி மாட்டக்கூடிய சாமான், பிரேமுக்குச் சாட்சி ஆகாது. முன்தலைப் பட்டயம் இருந்தால் அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள். இங்கிலாந்தின் நொட்டிங்காமில் செய்தது ஒன்று, 1950களில் மேற்கு வங்கத்தின் அசன்சோலில் சென்-றலி கம்பனி செய்தது இன்னொன்று. பெயர் ஒன்றுதான், இரண்டும் நல்ல சைக்கிள்தான், ஆனால் நொட்டிங்காம் அளவுகள் அப்படியே இருக்கும் என்று நினைத்துச் சாமான் வாங்கக் கூடாது. எந்த ஆண்டுச் சைக்கிள் என்று பிரேம் இலக்கத்தை வைத்து உறுதியாகச் சொல்கிறவர்களையும் அவ்வளவாக நம்ப வேண்டாம். இலக்க வரிசைகள் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. 'இந்தக் காலத்தை ஒட்டியது' என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

இனிப் புரி, அதாவது கப் திருகி ஏறும் திருகு வரி. இந்தப் பதிலில் ஒரு பந்தியை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள். நொட்டிங்காம் றலியின் பெடல் அச்சுக் கப்பிலும் ஹேண்டில் கப்பிலும் ஓர் அங்குலத்துக்கு 26 புரி. மற்ற பிரிட்டிஷ் சைக்கிள்களில் வழக்கம் 24 புரி. விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் 24 புரிக் கப் றலியில் ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். இறுகுவது துருவினால் என்று நினைத்து நீளக் கைபிடி ஸ்பானரைப் போட்டு மிதித்தால் பிரேமின் புரி வழித்துக்கொண்டு போய்விடும். அதைத் திருத்துவது லேத் பட்டறை வேலை, அதற்கும் எல்லாரும் சம்மதிக்க மாட்டார்கள். கண்டுபிடிப்பது சுலபம். அடிமட்டத்தை வைத்து அரை அங்குலத்துக்குள் எத்தனை புரி என்று எண்ணுங்கள்: 13 என்றால் றலி, 12 என்றால் மற்றது. கப்பில் அரை அங்குலம் புரி இல்லாவிட்டால், பழைய கப்பையும் வாங்கப்போகும் கப்பையும் புரியோடு புரி சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒன்றென்றால் இடைவெளியே தெரியாமல் கவ்வும்.

எந்தச் சைக்கிள் றலிக்கு உறவு என்பதையும் தெரிந்து வைத்திருங்கள், தேடும் வட்டம் பெரிதாகும். றலி கம்பனி ஹம்பரை 1932லும் ரட்ஜை 1943லும் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு வந்த ஹம்பர், ரட்ஜ் சாமான்கள் பெரும்பாலும் றலியில் ஏறும். 1960ல் ஹெர்குலிஸ், பிலிப்ஸ் பெயர்களும் அதே கம்பனியோடு சேர்ந்தன. எனவே அதற்குப் பிந்திய நொட்டிங்காம் ஹெர்குலிஸில் 26 புரி வரலாம், அதற்கு முந்திய பர்மிங்காம் ஹெர்குலிஸில் எதிர்பார்க்கக் கூடாது. மெட்ராஸில் செய்த ஹெர்குலிஸ் வேறு, லுதியானாவில் செய்த ஹீரோ வேறு. பெயரை வைத்துத் தேடலாம், வாங்குவது மட்டும் புரியை எண்ணிப் பார்த்து.

கப் கழற்றும்போது இன்னொன்று. பெடல் அச்சின் வலப்பக்கக் கப்பும் இடப்பக்கப் பெடலும் எதிர்ப்புரி. கடிகார முள் போகும் பக்கம் திருப்பினால்தான் கழலும். இதைத் தெரியாமல் கழற்றுகிறேன் என்று இறுக்கிக்கொண்டே போனவர்கள் நிறையப் பேர். முதல் நாள் டீசலோ மண்ணெண்ணெயோ விட்டு வையுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம்.

சில்லுக்கு வருவோம். நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் டயரில் 28 × 1½ என்று இருக்கும், பக்கத்திலேயே சிறிதாக 40-635 என்றும் இருக்கும். அந்த 635 தான் முக்கியம், டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் அது, மில்லிமீற்றரில். 28 என்று எழுதிய இன்னொரு டயரில் 622 இருக்கும், அது இதில் ஏறாது. இதே சிக்கல் 26 அங்குலத்தில் இன்னும் மோசம்: பழைய றலி ஸ்போர்ட்ஸ் வகையின் 26 × 1⅜ என்றால் 590, இன்றைய மலைச் சைக்கிளின் 26 × 1.75 என்றால் 559. இரண்டையும் '26 டயர்' என்றுதான் கடையில் கேட்போம். அங்குலத்தை விட்டுவிட்டு இந்த மூன்றிலக்க எண்ணைச் சொல்லிக் கேட்டுப் பழகுங்கள்.

ரிம்மைத் தனியாக வாங்கும் ஆசை வந்தால் துளைகளை எண்ணுங்கள். பழைய பிரிட்டிஷ் முறையில் முன் சில்லுக்கு 32 கம்பி, பின் சில்லுக்கு 40. பின்னாளில் இரண்டுக்கும் 36 என்று வந்தவையும் உண்டு. 40 துளை ஹப்பை 36 துளை ரிம்மில் கோர்க்க வழியே இல்லை. ரிம்மின் வடிவமும் பார்க்க வேண்டும். ரொட் பிரேக் கட்டை ரிம்மின் உட்பக்கத்தில், டியூப் பக்கம் நோக்கி மேலே இழுத்து அழுத்தும். அதற்கு உள்விளிம்பில் வளைந்த தட்டை உள்ள வெஸ்ட்வுட் ரிம் வேண்டும். கேபிள் பிரேக் பக்கத்தில் பிடிக்கும், அதற்குப் பக்கம் தட்டையான எண்ட்ரிக் ரிம். இரண்டுக்கும் உதவுகிற மாதிரி றலி தானே ஒரு ரிம் செய்தது, கிடைத்தால் விடாதீர்கள். உங்கள் ஃபோர்க்கின் நடுவில் பிரேக் போல்ட்டுக்குத் துளை இருக்கிறதா, அல்லது இரண்டு காலிலும் ரொட் வழிகாட்டிக் கிளிப் கட்டிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பிரேக்கோடு வந்தது என்பதை ஃபோர்க்கே சொல்லிவிடும்.

பிரேக் பற்றி ஒரு கசப்பான உண்மை. ரொட் பிரேக்கும் இரும்பு ரிம்மும் மழையில் மிக மோசம். நம் ஊரில் மாரி மழை ஒக்டோபர் கடைசியில் பிடித்தால் ஜனவரி வரை விடாது. நனைந்த இரும்பு ரிம்மில் கட்டை பிடிக்க வழக்கத்தை விடப் பல மடங்கு தூரம் ஓடும். பிரேக் கட்டையை மட்டுமாவது புதிதாகப் போடுங்கள், பழைய கட்டை கல்லாகிப் போயிருக்கும். கல்லடிப் பாலத்து இறக்கத்தில் மழையில் சோதனை ஓட்டம் வேண்டாம்.

கொட்டர் பின் என்பது கிராங்கை (பெடலைத் தாங்கும் கை) அச்சோடு பிடிக்கும் சிறு ஆப்பு. சின்னச் சாமான், ஆனால் பழைய சைக்கிளில் அதிகம் தலையிடி தருவது அதுதான். கழற்றும்போது நட்டை முழுதாக எடுக்காமல் நுனி மட்டத்தில் விட்டு, கிராங்கின் அடியில் கனமான மரக்கட்டையோ இரும்புக் குழாயோ முட்டுக் கொடுத்து, பெரிய சுத்தியலால் ஒரே அடி. முட்டு இல்லாமல் பத்துத் தடவை தட்டினால் அடி முழுக்க உள்ளே உள்ள போல்ஸுக்கு (இரும்புக் குண்டுகளுக்கு) போகும், கப்பில் குழி விழும். பைஸ் (பட்டறை இடுக்கி) இருந்தால் அதில் வைத்து நெரிப்பது இன்னும் நல்லது. பூட்டும்போது இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் நிற்க வேண்டும்: ஒரு கிராங்கில் நட் மேலே பார்த்தால், சுற்றி விட்டு மற்றக் கிராங் அந்த இடத்துக்கு வரும்போது அதன் நட்டும் மேலேதான் இருக்கும். புதுப் பின்னின் சாய்வை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக அராவி, இரண்டு பெடலும் ஒரே நேர்கோட்டில் வரும்வரை பொருத்துங்கள். கடையில் இதை அவசரப்பட்டுச் செய்வதால்தான் பல பழைய சைக்கிள்கள் நொண்டுகின்றன.

பல்லுக் கணக்கு உங்கள் விருப்பம். முன்னால் 44, பின் பிரீவீலில் 18 என்றால் நம் சமதரைக்கு நல்ல ஓட்டம். ஆனால் கச்சான் பிடித்து வீசும் மாதங்களில் காற்றுக்கு எதிரே செங்கலடிப் பக்கமிருந்து பதுளை வீதியில் மேற்கே போய்ப் பாருங்கள், 20 பல் போட்டிருக்கலாமே என்று கால் சொல்லும். நான் 20 தான் போடுவேன். செயின் புதிதாக வாங்குங்கள், அரை அங்குலம் × எட்டிலொரு அங்குலம் என்று கேளுங்கள். கியர் சைக்கிளின் மெல்லிய செயின் இந்தப் பல்லில் உட்காராது.

தேடும்போது பின் ஹப்பில் ஸ்டர்மி-ஆர்ச்சர் என்று எழுதிய மூன்று கியர் ஹப் கிடைத்தால் வாங்குங்கள். ஹப்பின் உடலில் ஆண்டும் மாதமும் எண்களாகக் குத்தியிருக்கும். அது அந்த ஹப் செய்த காலம், சைக்கிள் செய்த காலம் அல்ல, ஆனால் பொய் சொல்லாத ஒரே தேதி அதுதான். ஏடபிள்யூ வகை என்றால் நடுக் கியர்தான் நேர் ஓட்டம், கீழ்க் கியர் கால்பங்கு இலேசு, மேல் கியர் மூன்றிலொரு பங்கு கனம். அதற்கு எண்ணெய்தான் விட வேண்டும், துளை வழியாக, மெல்லிய எண்ணெய். கேபிள் சரியாக இழுபடாவிட்டால் நடுக் கியருக்கும் மேல் கியருக்கும் இடையில் பெடல் வெறுமனே சுற்றும் ஓர் இடம் உண்டு. எழுந்து நின்று மிதிக்கும்போது அது வந்தால் பாரில் மோதுவீர்கள். அதன் உள்வேலையை நான் பிரித்துக் கோர்ப்பதில்லை. அது தெரிந்த பழைய கைகள் இன்னும் இருக்கின்றன, விசாரித்துப் பிடியுங்கள்.

துரு எடுப்பதில் சுருக்கமாகச் சொல்கிறேன். குரோம் சாமான்களுக்கு அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். மேல்துரு போய்விடும், பூச்சே உரிந்த இடம் திரும்ப வராது. சிறு சாமான்களை வினாகிரியில் ஓர் இரவு ஊறவைத்து, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, உடனே காயவைத்து எண்ணெய் பூசுங்கள். பிரேமுக்கு மட்டும் ஒரு கெஞ்சல்: பெயின்டைச் சுரண்டும் முன் நன்றாகத் துடைத்துப் பாருங்கள். பழைய கறுப்பும் அதன் மேல் ஓடும் பொன் கோடும் கொஞ்சமாவது மிஞ்சியிருந்தால் அப்படியே விடுங்கள். எவ்வளவு நல்ல ஸ்பிறே பெயின்டும் அந்தச் சூட்டு எனாமலுக்கு ஈடாகாது. இது என் ரசனை, எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. வெல்டிங் பற்றி மட்டும் ரசனைக்கு இடமில்லை. இந்தப் பிரேம்களின் மூட்டுகள் பித்தளை ஒட்டில் நிற்பவை. கேற் செய்கிறவரின் கரண்ட் வெல்டிங்கை அதில் பிடித்தால் மெல்லிய குழாய் எரிந்து பக்கத்திலேயே வெடிக்கும். மூட்டு விட்டிருந்தால் காஸ் வைத்துப் பித்தளை ஒட்டுப் போடுகிறவரிடம் கொடுங்கள்.

எவ்வளவு முடியும் என்பதற்குத் தொகை சொன்னால் அடுத்த மாதமே பிழைத்துவிடும். ஆனால் காசு எங்கே போகும் என்று சொல்ல முடியும். டயர், டியூப், செயின், பிரேக் கட்டை, கொட்டர் பின், போல்ஸ் ஆறும் புதிதாகத்தான் வாங்க வேண்டும், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஹேண்டில், மட்கார்ட், செயின் கவர், கரியர், பெல் எல்லாம் இரும்பு விலைக்கும் வரும், 'அன்டிக்' விலைக்கும் வரும். கேட்கிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் விலை, படத்தை நீட்டி இது வேண்டும் என்று ஆவலோடு கேட்டால் கூடும். தோல் சீற் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முழுச் சைக்கிளாக வாங்கும்போது விற்கிறவரின் பெயரும் பிரேம் இலக்கமும் எழுதிய துண்டு ஒன்று வாங்கி வையுங்கள், களவுச் சைக்கிள் உங்கள் கையில் வந்துவிடக் கூடாது.

பூட்டும் ஒழுங்கு இப்படி: ஃபோர்க், பெடல் அச்சு, சில்லுகள், பிறகு மட்கார்ட், கிராங், செயின், பிரேக், கடைசியில் கரியர். பெடல் அச்சுக்கு ஒரு பக்கம் 11 போல்ஸ், கால் அங்குல அளவு. சில்லின் அச்சில் கோனை (குண்டுகளை அழுத்தும் கூம்பு நட்) இறுக்கிவிட்டுச் சில்லைச் சுற்றினால் டியூப் வால்வின் பாரத்துக்கே அது தானாகக் கீழே வந்து நிற்க வேண்டும், ஆட்டினால் பக்கத்துக்கு ஆடவும் கூடாது. முதல் நாள் வீட்டைச் சுற்றி மட்டும் ஓடுங்கள். ஐந்தாறு கிலோமீற்றர் ஓடியதும் கொட்டர் பின் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள், அவை கட்டாயம் தளர்ந்திருக்கும். தம்பி, இப்போதைக்கு மூன்று விஷயம் எழுதி அனுப்புங்கள்: பெடல் அச்சுக் குழியில் அரை அங்குலத்துக்கு எத்தனை புரி, பின் அச்சு வைக்கும் இரு தகடுகளுக்கும் இடையில் எத்தனை மில்லிமீற்றர், ஃபோர்க்கில் பிரேக் துளை உண்டா இல்லையா. அது தெரிந்தால் எந்தச் சில்லைத் தேட வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். அதுவரை சாமான் எதுவும் வாங்க வேண்டாம்.